‘உள்ளூர்க்காரங்களுக்கு முன்னுரிமை’: இந்த ஒரு வரியை நம்பி இருக்கிற வேலையை விடலாமா?



போன மாசம் ஏற்காடு போயிருந்தேன். டூர் இல்லை, சித்தப்பா வீடு நாகலூர்ல இருக்கு. அவர் பையன், என் தம்பி முறை, வயசு 26, டிப்ளமோ மெக்கானிக்கல். சேலத்துல ஒரு கம்பெனியில வேலை. சாயங்காலம் லேடீஸ் சீட் பக்கம் கூட்டிட்டுப் போய் மெதுவா ஆரம்பிச்சான்.

“அண்ணா, ஒரு வேலை வந்திருக்கு. வெளியூர்ல ஒரு பழைய பவர் பிளான்ட்டை மூடிட்டாங்க. அதைப் பிரிக்கிற கான்ட்ராக்ட்ல சூப்பர்வைசர். ரெண்டு வருஷம். கைக்கு 38,000. போலாமா?”

இப்ப வாங்குறது 23,500. கேட்ட உடனே யாருக்குமே “போடா தம்பி”ன்னுதான் சொல்லத் தோணும். எனக்கும் தோணிச்சு. ஆனா அடுத்து ஒண்ணு சொன்னான் பாருங்க: “பிரிச்சு முடிச்சதும் அதே இடத்துல புது பிளான்ட் வருதாம். அங்க வேலை செஞ்சவங்களுக்கும் உள்ளூர்க்காரங்களுக்கும் முன்னுரிமைன்னு சொல்றாங்க.”

யார் சொல்றாங்க? “கான்ட்ராக்டரோட மேனேஜர்.” எழுத்துல இருக்கா? “அதெல்லாம் கேட்கல அண்ணா.”

நம்ம சேனல்ல சம்பள உயர்வு, வேலை மாறுறது பத்தி நிறைய பேசியிருக்கோம். ஆனா மூடப்போற இடத்துல, முடிவு தேதியோட கிடைக்கிற வேலையைப் பத்தி பேசினதே இல்லை. பழைய அனல் மின் நிலையங்கள் ஒவ்வொண்ணா மூடிக்கிட்டு வர்ற காலம் இது. எண்ணூர்ல 450 மெகாவாட் நிலையம் 2017 மார்ச் 31-ல நின்னுச்சு. நெய்வேலி முதல் அனல் மின் நிலையம் 2020 செப்டம்பர் 30-ல. ஒரு நாள் அணுமின் நிலையங்களுக்கும் இந்த நாள் வரும். அதனால இந்தக் கணக்கை என் தம்பிக்கு மட்டும் போட்டுட்டு விடாம உங்களுக்கும் சேர்த்துப் போடுறேன்.

மேல நின்னு பார்த்தா தெரியுறது

லேடீஸ் சீட்ல வானம் தெளிவா இருந்தா கீழ சேலம் டவுன் தெரியும், தூரத்துல மேட்டூர் பக்கமும் தெரியும். எங்க பக்கத்துக் கதையே அந்த ஒரு பார்வைக்குள்ள அடங்கிடும். இந்த சேர்வராயன் மலை உச்சியில இருந்த பாக்சைட்டும் கொல்லிமலை பாக்சைட்டும்தான் மேட்டூர்ல 1965-ல உற்பத்தி ஆரம்பிச்ச மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்குப் போச்சு. மால்கோன்னு சொன்னா எங்க ஊர்ல பெரியவங்களுக்குத் தெரியும். 1995-ல அது ஸ்டெர்லைட் கைக்கு மாறுச்சு. 2008-09-ல மேட்டூர்ல அலுமினிய உற்பத்தி நின்னுச்சு. கல்லு வெட்டுறதும் நின்னுச்சு. பக்கத்துலயே இருந்த நிலக்கரி மின் நிலையம் இன்னும் சில வருஷம் கரண்ட் வித்துக்கிட்டு ஓடி, 2017-ல அதையும் நிறுத்தி வெச்சாங்க.

சித்தப்பா எஸ்டேட் வேலைக்காரர். லாரி இறங்குறதைப் பார்த்தவரே தவிர, அதுல வேலை செஞ்சவர் இல்லை. ஆனா அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சது: “ஒரு கம்பெனி நிக்கும்போது எல்லாருக்கும் ஒரே நாள்ல நிக்காதுப்பா. லாரிக்காரனுக்கு முதல்ல நிக்கும், டீக்கடைக்காரனுக்கு அடுத்து, ஆபீஸ்காரருக்குக் கடைசியா.”

இது பொதுவா எல்லா மூடலுக்கும் பொருந்தும். கம்பெனி ரெஜிஸ்டர்ல நேரடியா பேர் இருக்கிறவருக்குச் சட்டத்துல ஒரு கணக்கு உண்டு. ஆட்குறைப்புன்னா முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம், அதுக்கு மேல பணிக்கொடை, பி.எஃப். 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத்துல மறுதிறன் நிதின்னு ஒண்ணு சேர்ந்திருக்கு. ஆட்குறைப்பு செஞ்ச ஒவ்வொருத்தருக்கும் இன்னொரு 15 நாள் சம்பளத்தை முதலாளி அந்த நிதியில கட்டணும், அது 45 நாளுக்குள்ள தொழிலாளி அக்கவுண்ட்டுக்கு வரணும். கான்ட்ராக்டர் கீழ இருக்கிறவருக்கு முதலாளி அந்த கான்ட்ராக்டர்தான். லாரிக்காரருக்கும் டீக்கடைக்கும் எந்தக் கணக்கும் கிடையாது.

பிரிக்கிற வேலை யாரோடது?

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. நாம என்ன நினைக்கிறோம்? பிளான்ட்டை நடத்தினவங்களே பிரிப்பாங்க, அதுக்கு ஊர்க்காரங்களைக் கூப்பிடுவாங்கன்னு நினைக்கிறோம். அனல் மின் நிலையத்துல அப்படி நடக்கிறது அபூர்வம். பாய்லர், டர்பைன், கட்டடம் எல்லாத்தையும் மொத்தமா ஏலம் விடுவாங்க. ஏலம் எடுக்கிறவருக்கு அது ஸ்கிராப். பணம் கட்டி வாங்கினவர் எவ்வளவு சீக்கிரம் வெட்டி எடுக்கிறாரோ அவ்வளவு லாபம். கேஸ் கட்டிங்குக்கு, கிரேனுக்கு எல்லாம் தன்னோட பழைய டீமையே கூட்டிட்டு வருவார். நிலையத்து நிர்வாகம் ஊர் மக்கள்கிட்ட “உங்களுக்கு வேலை”ன்னு சொல்லியிருந்தாலும், ஏல நிபந்தனையில அது எழுதப்படலைன்னா ஸ்கிராப்காரரை அது கட்டுப்படுத்தாது.

நெய்வேலியையே எடுத்துக்குங்க. சோவியத் உதவியோட 1962-ல முதல் யூனிட் ஓடின நிலையம், மொத்தம் 600 மெகாவாட். அதை மூடின சமயத்துல பக்கத்துலயே 1,000 மெகாவாட்டுக்குப் புது நிலையம் தயாராகிட்டு இருந்துச்சு. நிரந்தர ஊழியருக்குப் போக ஒரு இடம் இருந்துச்சு. எண்ணூர்லயும் மின்வாரிய ஊழியர்களுக்கு வேற நிலையங்கள் இருந்துச்சு. ஆனா நெய்வேலியில ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரம் கேட்டுப் போராடுறதும், நிலம் கொடுத்த குடும்பங்கள் வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை கேட்கிறதும் எத்தனை வருஷமா செய்தியில வருதுன்னு உங்களுக்கே தெரியும்.

அணுமின் நிலையம்னா கதையே வேற

அனல் நிலையத்துல பிரிக்கிறவர் பணம் கொடுத்துப் பிரிக்கிறார். அணுமின் நிலையத்துல சொந்தக்காரர் பணம் செலவழிச்சுப் பிரிக்கணும். எரிபொருளை எடுக்கணும், கதிரியக்கம் பட்ட பாகங்களைச் சுத்தம் செய்யணும், கழிவைப் பத்திரமா வைக்கணும், அப்புறம்தான் கட்டடத்தைத் தொடணும். இதைத்தான் டீகமிஷனிங்னு சொல்றாங்க. கதிரியக்கம் தானா குறையட்டும்னு பல பத்து வருஷம் பூட்டி வெச்சுட்டுப் பிரிக்கிற வழக்கமும் உண்டு. அப்படின்னா “பிரிக்கிறப்போ உள்ளூர் வேலை”ங்கிற வாக்குறுதி, இன்னைக்கு 26 வயசுல இருக்கிறவருக்கு வராது. அவர் பையனுக்கு வரலாம்.

இந்தியாவுல எந்த அணுமின் உலையும் இதுவரை முழுசா பிரிக்கப்படல. ராஜஸ்தான்ல முதல் யூனிட் 2004-ல நின்னது, இன்னும் அப்படியே இருக்கு. நம்ம கல்பாக்கத்துல முதல் யூனிட் 1984-லயும் இரண்டாவது 1986-லயும் வணிக உற்பத்திக்கு வந்தது.

இதுக்கான பணம் எங்க இருந்து வருது? நம்ம கரண்ட் விலையில யூனிட்டுக்கு 2 பைசா டீகமிஷனிங்குக்குன்னு ஒதுக்குறாங்க. நம்ம எஸ்.ஐ.பி. மாதிரி வெச்சுக்குங்களேன். ஒரு கணக்கு போடுவோம். 220 மெகாவாட் உலை, வருஷத்துல 80% திறன்ல ஓடுதுன்னு வைங்க. சுமார் 154 கோடி யூனிட் வரும். 2 பைசான்னா வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் சொச்சம். 40 வருஷம் சேர்த்தா, வட்டி இல்லாம, 123 கோடி ரூபாய். அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல இருக்கிற சான் ஓனோஃப்ரே நிலையத்தைப் பிரிக்க 2014-ல போட்ட மதிப்பீடு 440 கோடி டாலர். அது ரொம்பப் பெரிய நிலையம், அங்க கூலியும் வேற, நேரடியா ஒப்பிடக்கூடாது. ஆனா நம்ம எஸ்.ஐ.பி. தொகையை ஒரு தடவை திரும்பிப் பார்க்கணும்னு மட்டும் தோணுதுல்ல?

அந்த சான் ஓனோஃப்ரேவுல 2013 ஜூன்ல நிரந்தரமா மூடுறோம்னு அறிவிச்சப்போ சுமார் 1,500 பேர் வேலையில இருந்தாங்க. சுமார் 400 பேராக் குறைப்போம்னு அதே அறிவிப்புல சொன்னாங்க. மூடுற செய்தியும் வேலை போற செய்தியும் ஒரே நாள்ல வந்தது.

அதே மாநிலத்துல டயாப்லோ கேன்யன்னு இன்னொரு நிலையம். மூணு வருஷம் கழிச்சு, 2016 ஜூன்ல, பி.ஜி. அண்ட் ஈ கம்பெனி அதை 2025-க்குள்ள மூடுறதா ஒரு கூட்டு ஒப்பந்தம் வெளியிட்டாங்க. அதுல கையெழுத்துப் போட்டது யார் யார்னு பாருங்க: கம்பெனி, மின் தொழிலாளர் சங்கம், கூடவே அந்த நிலையத்தை மூடணும்னு பல வருஷம் வழக்குப் போட்ட சுற்றுச்சூழல் அமைப்புகள். கடைசி நாள் வரைக்கும் இருக்கிற ஊழியருக்கு வருஷ அடிப்படைச் சம்பளத்துல 25% தக்கவைப்பு போனஸ். மூடின பிறகு பிரிக்கிற வேலைக்குப் போக விரும்புறவங்களுக்கு மறுபயிற்சி. இதுக்கெல்லாம் 35 கோடி டாலர். சுத்தி இருக்கிற ஊர்களுக்கும் பள்ளி மாவட்டத்துக்கும், அதே வருஷம் பின்னாடி போட்ட உடன்பாட்டுல, 8.5 கோடி டாலர். தொகை, காலம், யாருக்கு, எல்லாம் எழுத்துல.

அப்படி எழுதியுமே 2018 தொடக்கத்துல மாநில ஒழுங்குமுறை ஆணையம் தொகையில கை வெச்சது. ஊர் ஊரா பேசி, அதே வருஷம் சட்டமன்றத்துல தனிச் சட்டமே போட்டு முழுத் தொகையையும் மீட்டாங்க. அப்புறம் 2022-ல இன்னொரு சட்டம் வந்து, மூடுறதையே 2030 வரைக்கும் தள்ளி வெச்சாங்க. கடைசி தேதியை நம்பி வீடு வித்தவங்க, வேற ஊர் போனவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. தேதி எழுதியிருந்தாலும் அது ரெண்டு பக்கமும் நகரும்.

12(3)-யா, 18(1)-ஆ, வெறும் மினிட்ஸா?

கொஞ்சம் போர் அடிக்கும், ஆனா இதுதான் முக்கியம்.

சேலம், மேட்டூர், நெய்வேலி பக்கம் பழைய தொழிற்சங்கக்காரங்ககிட்ட பேசினா “12(3) போட்டிருக்கா?”ன்னு கேட்பாங்க. தொழிற்தகராறு சட்டத்துல தொழிலாளர் துறை அதிகாரி முன்னாடி, சமரசப் பேச்சுவார்த்தையில போடுற ஒப்பந்தம் அது. அந்த நிறுவனத்துல இருக்கிற எல்லாத் தொழிலாளிக்கும், பின்னாடி சேர்றவங்களுக்கும்கூட அது பொருந்தும். நிர்வாகமும் ஒரு சங்கமும் தனியா உக்காந்து போட்டா அது 18(1), கையெழுத்துப் போட்டவங்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். புதுச் சட்டத்துல பிரிவு எண்கள் மாறினாலும் இந்த வித்தியாசம் மாறல.

மூணாவது ஒண்ணு இருக்கு, நம்ம ஊர்ல அதுதான் அதிகம். மறியல் நடக்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயோ தாலுகா ஆபீஸ்லயோ அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும். “உள்ளூர் மக்களுக்கு வேலைவாய்ப்பில் முன்னுரிமை அளிக்கப்படும்”னு மினிட்ஸ்ல ஒரு வரி எழுதுவாங்க. கூட்டம் கலையும். அந்த வரியில எத்தனை பேருன்னு இருக்காது. உள்ளூர்னா ஊராட்சியா, தாலுகாவா, மாவட்டமான்னு இருக்காது. நேரடி வேலையா, கான்ட்ராக்டர் மூலமான்னு இருக்காது. கொடுக்கலைன்னா என்ன ஆகும்னு நிச்சயமா இருக்காது. இன்னும் ஒரு சிக்கல்: வேலையில இன்னும் சேராத ஊர்க்காரர் சட்டப்படி அங்க ‘தொழிலாளி’யே இல்லை. அதனால 12(3) கதவும் அவருக்குச் சுலபமா திறக்காது.

சரி, சட்டம் போட்டே உள்ளூர் ஒதுக்கீடு கொண்டுவர முடியாதா? ஹரியானாவுல மாசம் 30,000 ரூபாய் வரைக்குமான தனியார் வேலையில 75% உள்ளூர்க்காரங்களுக்குன்னு சட்டம் போட்டாங்க. 2023 நவம்பர்ல பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செஞ்சது. அதனால இப்போதைக்கு நடைமுறையில பிடிமானம்னு பார்த்தா ஏல நிபந்தனை, டெண்டர் நிபந்தனை, வேலை ஆர்டர். இந்த மூணு காகிதம்தான்.

என் தம்பிக்கு இதுல இன்னொரு வேடிக்கை. அவன் அந்த ஊர்க்காரனே கிடையாது. உள்ளூர் முன்னுரிமை நிஜமாவே அமலானா, ரெண்டு வருஷம் கழிச்சு வெளிய நிக்கப்போறது அவன்தான். இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாம சேலம் லைட்டையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

இப்ப காசு கணக்கு

சம்பள வித்தியாசம் மாசம் 14,500. 24 மாசத்துக்கு 3,48,000 ரூபாய். இது வரைக்கும் எல்லாரும் போடுவாங்க.

வெளியூர்ல ரூம், சாப்பாடு, மாசம் ஒரு தடவை ஊருக்கு வந்து போறது எல்லாம் சேர்த்து 7,500 வெச்சோம். ரெண்டு வருஷத்துக்கு 1,80,000. மீதி 1,68,000.

இப்ப இருக்கிற கம்பெனியில அவனுக்கு 4 வருஷம் 3 மாசம் ஆகுது. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 16,000. அஞ்சு வருஷம் முடிச்சா பணிக்கொடை 16,000 × 15 ÷ 26 × 5, அதாவது 46,154 ரூபாய். இப்ப விட்டா பூஜ்யம். அதைக் கழிச்சா 1,21,846.

ரெண்டு வருஷம் முடிஞ்சதும் அடுத்த வேலை மறுநாளே கிடைக்காது. மூணு மாசம் சும்மா இருக்கிறதா வைங்க. பழைய சம்பளக் கணக்குல 70,500. மீதி 51,346.

மாசத்துக்கு வகுத்தா 2,139 ரூபாய்! 38,000-ன்னு கேட்டப்போ இருந்த மூஞ்சி வேற, இதைக் கேட்டப்போ இருந்த மூஞ்சி வேற.

அதுக்காக அந்த வேலை மோசம்னு நான் சொல்லல. பிரிப்பு வேலையில பாதுகாப்பு மேற்பார்வை, கனரகத் தூக்கு வேலை எல்லாம் கத்துக்கிட்டா அந்த அனுபவத்துக்குத் தனி மதிப்பு உண்டு, எக்செல்ல அது வராது. ஆனா கணக்கை மேல தூக்குற விஷயங்கள் ஆர்டர்ல இருக்கணும். உதாரணமா ‘ஃபிக்ஸ்ட் டேர்ம்’ ஊழியர்னு எழுதிக் கொடுத்தா, புதுச் சட்டப்படி ஒரு வருஷம் முடிச்சாலே விகிதப்படி பணிக்கொடை உண்டு. பேசிக் 20,000-ன்னு வெச்சா ரெண்டு வருஷத்துக்கு 23,077 ரூபாய். வெறும் ‘சைட் சூப்பர்வைசர், கன்சாலிடேட்டட் பே’ன்னு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும் வந்தா, இந்தப் பணத்தைக் கேட்கக் கையில ஒண்ணும் இருக்காது.

பி.எஃப். விஷயத்துல ஒரு நல்ல செய்தி: கான்ட்ராக்டர் கட்டாம விட்டா, வேலை கொடுத்த மூல நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. ஆனா அதைக் கேட்க நீங்க முதல்ல கவனிக்கணும். மாசா மாசம் யு.ஏ.என். பாஸ்புக்கைத் திறந்து பாருங்க. ரெண்டு மாசம் கட்டலைன்னா மூணாவது மாசம் எழுத்துல கேளுங்க, இருபதாவது மாசம் இல்லை. பழைய பி.எஃப்-ஐ எடுக்காதீங்க, மாத்திக்குங்க.

அணுமின் நிலையத்துல இந்த மாதிரி வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு கணக்கு கூடுதலா இருக்கு. கதிர்வீச்சு அளவுக்கு இந்தியாவுல வரம்பு 5 வருஷத்துக்கு 100 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்துலயும் 30-ஐத் தாண்டக்கூடாது. சட்டையில மாட்டுற டி.எல்.டி. பேட்ஜ் அதைத்தான் அளக்குது. அது உங்க உடம்போட பட்ஜெட். முதல் சைட்லயே நிறைய செலவாச்சுன்னா அடுத்த சைட்ல உங்களை எடுக்க யோசிப்பாங்க. அதனால உங்க டோஸ் ரெக்கார்டு காப்பியைச் சம்பள சிலிப் மாதிரி பத்திரமா வாங்கி வெச்சுக்குங்க.

கடன் பத்தி ஒரே வரி: 24 மாச வேலையைக் காட்டி 36 மாச பைக் லோன்கூட வேண்டாம். வீட்டு லோன் பேச்சே இல்லை.

தம்பி என்ன செஞ்சான்?

மறுநாள் காலையில அந்த மேனேஜருக்கு மெசேஜ் போட்டான். நான் டிக்டேட் பண்ணல, அவனே எழுதினான். ஆர்டர்ல யார் பேர்ல வேலை, முடிவு தேதி என்ன, சீக்கிரம் முடிஞ்சா எத்தனை மாசச் சம்பளம், பி.எஃப். எந்தக் கோடுல கட்டுவீங்க, புது பிளான்ட் முன்னுரிமை டெண்டர்ல எந்தப் பக்கத்துல இருக்கு. அஞ்சே கேள்வி. பதில் மத்தியானம் வந்தது: “ஜாயின் பண்ணுங்க சார், எல்லாம் பேசிக்கலாம்.”

பணிக்கொடை பத்தி ஒண்ணு சொன்னேன். மேட்டூர் பியர்ட்செல் வழக்குல சென்னை உயர் நீதிமன்றம் பழைய பணிக்கொடைச் சட்டத்தின்படி, 4 வருஷம் முடிச்சு அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை செஞ்சா அஞ்சு வருஷமாவே எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்கு. அப்ப இவனுக்கு இன்னும் அஞ்சு மாசம் போதும். ஆனா எல்லா ஹெச்.ஆரும் இதை உடனே ஒத்துக்க மாட்டாங்க, அதனால முழு அஞ்சு வருஷம் முடிக்கிறது நிம்மதின்னேன்.

“அதுவரைக்கும் அந்த வேலை காத்திருக்குமா அண்ணா?”

காத்திருக்காதுன்னேன். இது மாதிரி பிரிப்பு வேலை அடுத்தடுத்து வரும், அப்ப கேட்க வேண்டிய கேள்வி உன் கையில இருக்குன்னேன். சித்தப்பா மட்டும் நடுவுல புகுந்து, “புது பிளான்ட் வந்தா வரட்டும்டா, நீ முதல்ல அந்த 46,000-ஐ வாங்கு”ன்னார். திங்கட்கிழமை காலையில 20 ஹேர்பின் வளைவும் இறங்கி சேலத்துல பழைய கம்பெனி ஷிஃப்ட்டுக்கே போனான். போற வழியில எனக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான்: அவனோட யு.ஏ.என். பாஸ்புக். ரெண்டு மாசமா பி.எஃப். கட்டப்படல. அதை இன்னைக்கு ஹெச்.ஆர்-கிட்ட எழுத்துல கேட்கப் போறானாம்.